கட்டத்தாளில் ஒரு பள்ளம்

மூன்றாவது வரிசையேதான் மறுபடியும். மேலிருந்து எண்ணினால் மூன்று, கீழிருந்து எண்ணினால் பதினொன்று. எப்படி எண்ணினாலும் கறுப்பும் வெள்ளையுமாக ஓடுகிற அந்தக் கட்ட வரிசை நடுவில் வந்ததும் லேசாக உள்ளே இறங்கி, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல மேலேறி வலது ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஞானசிகாமணி கேமராவிலிருந்து முகத்தை எடுத்தார். இரண்டு கண்ணாலும் பார்த்தார். தாள் ஒழுங்காக இருந்தது, அல்லது ஒழுங்காக இருப்பதுபோல இருந்தது. மறுபடி இடது கண்ணை மூடி, வலது கண்ணைக் கேமராவில் ஒட்டினார். பள்ளம். நேற்று தாளைச் சுவரில் ஒட்டியிருந்தபோது பள்ளம் ஐந்தாவது வரிசையில் இருந்தது, சத்தியமாக ஐந்தாவதுதான், மனைவி மேபலைக் கூப்பிட்டுக்கூடக் காட்டினார். அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து பார்த்துவிட்டு, "எல்லாம் நேராத்தான இருக்கு, காப்பியக் குடிச்சிட்டு வந்து பாருங்க" என்று போய்விட்டாள். அப்படியானால் சுவர்தான் என்று முடிவு கட்டினார். இந்த வீட்டைக் கட்டின கொத்தனார் பாதி நாள் டீக்கடையில்தான் இருந்தான், அவன் பூசின சுவர் வேறு எப்படி இருக்கும். கதவில் ஒட்டிப் பார்க்கலாம் என்றால் கதவு மழைக்கு ஊதியிருக்கிறது. பீரோவில் ஒட்டலாம் என்றால் பேத்தி ஊஞ்சல்கட்டையால் இடித்த நசுங்கல். இந்த வீட்டில் தட்டையான பொருள் என்று ஒன்று உண்டென்றால் அது சாப்பாட்டு மேசைமேல் இருபது வருஷமாகக் கிடக்கிற கண்ணாடிப் பலகைதான் என்று காலையில் பல் தேய்க்கும்போது தோன்றியது. அதைத் தனியாளாகத் தூக்கிக்கொண்டு வந்து பீரோவில் சாய்த்து, நாலு பக்கமும் டேப் போட்டுத் தாளை ஒட்டியாகிவிட்டது. கண்ணாடி வளையாது. வளைந்தால் உடையும். அது உடையவில்லை. ஆனால் பள்ளம் ஐந்தாவது வரிசையிலிருந்து மூன்றாவதுக்கு ஏறியிருக்கிறது. சுவரைவிட்டு வந்த தாளோடு பள்ளமும் கிளம்பி வருமா? வந்தாலும், மேலே ஏறுமா?

"ஏங்க, மேசைக் கண்ணாடிய எங்க?" அடுக்களையிலிருந்து மேபல்.

"வேலைக்கு எடுத்திருக்கேன்."

"அப்ப தட்ட எங்கன வைக்க?"

"மேசை மேலதான்."

"மேசை மேல நீங்க சொருகி வச்ச குப்பையெல்லாம் பப்பரப்பான்னு கிடக்கு. கல்யாணக் கார்டு, கரண்டு சீட்டு, ஆஸ்பத்திரி அட்டை. அத ஒழிச்சுக் குடுங்க முதல்ல. பதினோரு மணிக்கு உங்க அண்ணன் போன் பண்ணுததுக்குள்ள சாப்பிட்டு முடிக்கணும், இல்லன்னா எந்தம்பிக்கு ஏன் இன்னும் சோறு போடலன்னு என்னையத்தான் கேப்பாரு."

இந்தா வாரேன் என்றார், போகவில்லை. ஆஸ்பத்திரி அட்டை என்ற வார்த்தை காதுக்குள் போய் ஓர் ஓரமாக உட்கார்ந்துகொண்டது. அதைக் கவனிக்காதவர்போலக் கேமராவைத் தாங்கிய முக்காலியை அரை அடி இடதுபக்கம் நகர்த்தினார். மொத்தம் ஒன்பது படம் எடுக்க வேண்டும். தாள் சட்டத்தின் நடுவில் இருக்க ஒன்று, நாலு மூலைக்கு நாலு, நாலு ஓரத்துக்கு நாலு. ஒன்பதையும் மென்பொருளிடம் கொடுத்தால், கட்டங்களின் மூலைகளை அதுவே எண்ணிப் பார்த்து, இந்த லென்ஸ் எந்த இடத்தில் எவ்வளவு கோணலாகப் பார்க்கிறது என்று கணக்குப் போட்டு ஒரு சின்னக் கோப்பாக எழுதிக் கொடுத்துவிடும். லென்ஸ் புரொஃபைல் என்று அதற்குப் பேர். ஒவ்வொரு லென்ஸுக்கும் பிறவிக் கோணல் ஒன்று உண்டு. சிலது கோட்டை வெளியே தொப்பையாகத் தள்ளும், சிலது உள்ளே இடுப்பாக இழுக்கும். அந்தக் கோணலைத் தெரிந்து வைத்துக்கொண்டு, எடுத்த படத்தை அதே அளவுக்கு எதிர்ப்பக்கம் வளைத்தால் எல்லாம் நேராகிவிடும். பெரிய கம்பெனி லென்ஸ்களுக்கெல்லாம் புரொஃபைல் மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது, பேரைத் தட்டினால் போதும். சிகாமணியின் லென்ஸுக்குத் தட்டுவதற்குப் பேரே இல்லை. சென்னையில் ஒருவரிடமிருந்து பார்சலில் வந்த பழைய ஜெர்மன் லென்ஸ், வளையத்தில் இருந்த எழுத்தெல்லாம் யார் யாருடைய விரலோ தேய்த்துத் தேய்த்து அழிந்துவிட்டது. இணையத்தில் நாலு நாள் தேடினார். போலந்துக்காரன் ஒருத்தன் இதேபோல ஒன்றுக்குச் சொந்தமாகப் புரொஃபைல் செய்து போட்டிருந்தான், எடுத்துப் போட்டுப் பார்த்ததில் படம் அப்பளம்போல நெளிந்தது. பிரேசில்காரன் ஒருத்தன் இதே லென்ஸின் படத்தைப் போட்டு, யாரிடமாவது இருக்கிறதா என்று பதினோரு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தான். கீழே ஒரு பதில்கூட இல்லை. அவனுக்கும் இப்படித்தான் பள்ளம் தெரிந்ததா? அவன் கடைசியில் என்ன செய்தான்? முகம் தெரியாத அந்தப் பிரேசில்காரன்மேல் சிகாமணிக்குத் திடீரென்று பாசம் பொங்கியது. அவனையாவது கூப்பிட்டு, ஐயா, உனக்கு எந்த வரிசையில் என்று கேட்கலாம்.

ஒன்று. கிளிக். நடுவில் எடுத்தாயிற்று. இரண்டாவதுக்குத் தாள் மேல் இடது மூலைக்குப் போக வேண்டும், அதாவது கேமரா கீழே வலதுபக்கம் திரும்ப வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் இடுப்பு திரும்ப மறுக்கிறது, கழுத்து திரும்புகிறது, கண் மட்டும் சொன்னபடி கேட்கும். கேட்டுக்கொண்டிருந்தது. முப்பத்தாறு வருஷமாகப் படம் எடுப்பது முழுக்க வலது கண்தான். இடது கண்ணுக்குத் தொழிலே கிடையாது. கல்யாண வீட்டில், கோயில் பிரதிஷ்டையில், பள்ளிக்கூட குரூப் போட்டோவில், எல்லாரும் சிரிக்கிற அந்த ஒரு நொடியில் அது மூடிக்கொண்டு சும்மா கிடக்கும், வலது கண்தான் எல்லாரையும் பார்க்கும். கம்ப்யூட்டர் வந்த பிறகும் பழக்கம் விடவில்லை. மானிட்டரில் ஒரு கோடு நேரா கோணலா என்று பார்க்க வேண்டுமென்றால், தச்சன் மரத்தைத் தூக்கிப் பார்ப்பதுபோல இடதை மூடி வலதால் பார்ப்பார். நேர் என்று அந்தக் கண் சொன்னால் நேர். கோணல் என்றால் கோணல். கட்டடக்காரர்கள் எல்லாம் வேறு யாரிடமும் போகாமல் இவரிடம் வருவதே அதற்காகத்தான், சிகாமணி சார் எடுத்தால் தூண் தூணாக இருக்கும் என்று. ஆர்க்கிடெக்ட் பெனாசிர் அப்படித்தான் வந்தாள். முப்பது வயதுகூட ஆகாத பெண், மேலப்பாளையத்தில் அவள் கட்டின முதல் கட்டடம், ஒரு நூலகம். நீள வராந்தாவும் வரிசையாகப் பதினான்கு தூணும். போட்டி ஒன்றுக்கு அனுப்ப வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போனாள். புது லென்ஸை அன்றைக்குத்தான் முதல்முதலாக மாட்டினார். முதல் தூணைப் பார்த்ததுமே இடுப்பு ஒடிந்தது. அடடா, லென்ஸ் இழுக்கிறதே என்று நினைத்தார். வீட்டுக்கு வந்து, பத்து நாளாக மவுஸை அப்படியும் இப்படியும் தள்ளி, தன் கைக்கணக்கிலேயே எல்லாத் தூணையும் நிமிர்த்தி அனுப்பினார். மூன்றாம் நாள் போன் வந்தது.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. தூண் எல்லாம் ஒரு மாதிரி இருக்கு. மூச்ச உள்ள இழுத்து நெஞ்சப் புடைச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி."

நீங்கள் போனில் பார்க்கிறீர்கள் அம்மா, பெரிய திரையில் பாருங்கள் என்றார். பெரிய திரையில் பார்த்துவிட்டு நேரிலேயே வந்துவிட்டாள். கைப்பையிலிருந்து ஒரு அடிஸ்கேலை எடுத்து அவருடைய மானிட்டரிலேயே தூணோடு ஒட்டி வைத்தாள். பாருங்க சார், ஸ்கேல் இங்க இருக்கு, தூண் வெளிய புடைக்குது. சிகாமணி இடது கண்ணை மூடிக்கொண்டு குனிந்து பார்த்தார். ஸ்கேலும் வளைந்திருந்தது. அன்றைக்கு அது அவருக்கு ஆச்சரியமாகக்கூட இல்லை, எரிச்சல்தான் வந்தது. உங்க ஸ்கேலே கோணிப்போயிருக்கும்மா, வெயில்ல வண்டிப் பெட்டிக்குள்ள போட்டு வச்சிருந்தீங்களா என்று கேட்டார். பெனாசிர் ஸ்கேலைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். ஸ்கேலைப் பைக்குள் போட்டுக்கொண்டு, இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு சார், உங்களால முடியலன்னா சொல்லிருங்க, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன் என்றாள். இன்னிக்கு என்று அவள் சொன்னது சனிக்கிழமையை. இன்றுதான் சனிக்கிழமை. இல்லை, அவள் சனிக்கிழமை சாயங்காலம் என்றுதான் சொன்னாள், சொன்ன நாள் புதன். மண்டை ஏன் இப்படிக் குழம்புகிறது. அவள் பார்த்த பார்வைதான் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. கோபம் இல்லை அது. கோபமாக இருந்தால் தேவலை. வழி தவறி நிற்கிற ஆளைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை.

நாலு. ஐந்து. ஆறாவது எடுக்கும்போது முக்காலியின் ஒரு கால் வழுக்கியது, பிடித்துக்கொண்டார். தரை சமமாக இல்லையோ. தரை சமமில்லை என்றால் முக்காலி சாயும், முக்காலி சாய்ந்தால் கேமரா சாயும். தரைதான் சரியில்லைல, தரைய மட்டம் பண்ணினா தையல் நேராயிரும். இது யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. யாரோ சொன்னார்கள். சாயர்புரத்தில், முன்னறையில், தையல் மிஷினின் ஒரு காலுக்கடியில் தேங்காய்ச் சிரட்டைத் துண்டை வைத்துக்கொண்டே அண்ணன் தனசிங் சொன்னது. வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம். ஆறு. கிளிக். அண்ணன் நல்ல தையல்காரர், சாயர்புரத்தைச் சுற்றிப் பத்துக் கிறிஸ்தவக் கோயிலுக்குப் பாடகர் குழு அங்கி அவர்தான் தைப்பார், வெள்ளை அங்கி, நீல ஓரம், அந்த ஓரத் தையல் ரயில் தண்டவாளம்போல ஓடும். அது ஒரு நாள் ஓடாமல் நெளிந்தது. ஊசியை மாற்றினார். வாரை மாற்றினார். நூல் சரியில்லை என்று நூல்கடைக்காரனிடம் சண்டைக்குப் போனார். மிஷினைத் தோளில் வைத்து பஸ்ஸில் ஏற்றி, ஜங்ஷனில் மெக்கானிக்கிடம் கொண்டுபோனார், ஒரு தடவையா, மூன்று தடவை, மூன்று மாசத்தில் மூன்று தடவை. மெக்கானிக் ஒவ்வொரு தடவையும் எண்ணெய் போட்டு, மிஷின் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி என்று திருப்பிக் கொடுத்தான். பிறகு ஒரு நாள் அளவெடுக்க வந்து நின்ற கோயில் உபதேசியாருக்கு முகம் இல்லாமல் போனது. காது இருந்தது, தோள் இருந்தது, சட்டைக் காலர் இருந்தது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் பூசினதுபோல ஒன்று. ஏழு. ஏழாவதுக்குத் தாள் கீழ் ஓரத்தில் இருக்க வேண்டும். மேல் ஓரமா, கீழ் ஓரமா? எந்த ஓரம் எடுத்தாயிற்று? குழம்பிவிட்டது, இரண்டையும் இன்னொரு தடவை எடுத்துவிட்டால் போகிறது, கூடினால் மென்பொருள் திட்டவா போகிறது. மதுரையில் அந்த ஆஸ்பத்திரி நடையில் வைத்து டாக்டரம்மா, மூணு மாசம் முன்னாடி வந்திருந்தா என்று ஆரம்பித்து, வாக்கியத்தை முடிக்காமல் பேனாவை மூடினார். அன்றைக்குச் சிகாமணி அண்ணனைப் பார்த்து என்ன சொன்னார்? ஆறுதல் சொன்னாரா? இல்லை. கோளாறு கண்ணுல, நீ மிஷினத் தூக்கிட்டு அலைஞ்சிருக்கியேண்ணே, கிறுக்கா உனக்கு என்றார். சிரித்தும்கூடச் சொன்னார். அழுகையை மறைக்கத்தான் சிரித்தார், ஆனால் சிரித்தது சிரித்ததுதான். அண்ணனும் சிரித்தார், இவர் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் பார்த்துக்கொண்டு. எட்டு, ஒன்பது.

மேபல் மறுபடி கூப்பிட்டாள், தோசை ஆறுகிறது என்று. ஒரு அஞ்சு நிமிஷம் என்றார். படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். மென்பொருள் ஒவ்வொரு படமாக எடுத்து, கட்டங்களின் மூலைகளில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளி வைத்துக்கொண்டே போனது. பச்சைப் பட்டை இடமிருந்து வலமாக நகர்ந்தது. அதற்குக் கண் கிடையாது, அண்ணன் கிடையாது, யாரிடமும் பேர் கெட்டுப்போகும் என்ற பயம் கிடையாது, எண்ணும், அவ்வளவுதான். அது எண்ணி முடிக்கட்டும், முடித்ததும் இந்த லென்ஸின் குட்டு வெளிப்பட்டுவிடும். பெனாசிரிடம் சாயங்காலம் சொல்லலாம், லென்ஸ் பொல்லாதது அம்மா, புரொஃபைல் இல்லாமல் கைக்கணக்கில் திருத்தினது என் தப்பு, இப்போது பாருங்கள் என்று. எவ்வளவு கோணல் இருக்கும்? நூற்றுக்கு மூன்று? நாலு? அந்தப் பள்ளத்துக்கு ஐந்துகூட இருக்கலாம். ஐந்து இருந்தால் நல்லது. கடவுளே, ஐந்து இருக்கட்டும். ஒரு லென்ஸ் கேவலமாக இருக்க வேண்டும் என்று எந்த போட்டோகிராபராவது ஜெபித்திருப்பானா, அவர் ஜெபித்தார். பட்டை நிறைந்தது. ஒரு சின்னப் பெட்டி திறந்தது. நூற்றுக்குக் கால்கூட இல்லை. மறுபடி ஓட்டினார். கால்கூட இல்லை. தங்கமான லென்ஸ். பேர் தேய்ந்து, ஊர் ஊராகக் கை மாறி வந்து சேர்ந்த அந்தக் கண்ணாடி உருண்டை உலகத்தை உள்ளது உள்ளபடி பார்க்கிறது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்.

புரொஃபைலைப் போட்டார். கட்டத்தாளின் படம் ஒரு மயிரிழை அசைந்து நின்றது. இடது கண்ணை மூடி மூன்றாவது வரிசையைப் பார்த்தார், பள்ளம் அப்படியே இருந்தது. புரொஃபைல் தப்பு என்று நினைத்துக்கொண்டே பார்வையை ஏழாவது வரிசைக்கு இறக்கினார். ஏழாவதில் பள்ளம். ஏழிலும் இருக்கிறதா என்று திரும்ப மூன்றுக்கு ஏறினார், இப்போது மூன்றில் பள்ளம். இரண்டு வரிசையிலும் இருக்கிறதா, அல்லது இவர் போகிற இடத்துக்குக் கூடவே வருகிறதா? பத்தாவது. பத்தாவதில் பள்ளம். கடைசி வரிசை. அங்கேயும். லென்ஸின் கோணல் லென்ஸில் இருக்கும், இடம் மாறாது, தாளின் கோணல் தாளில் இருக்கும், இப்படி நாய்க்குட்டிபோல ஆள் பின்னாலேயே வராது. அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஜன்னல் கம்பி. நடுவில் ஒடிந்தது. வேறு கம்பி. அதுவும். தரையில் டைல்ஸ் இணையும் கோடு அடுக்களை வரை ஓடுகிறது, எங்கே பார்த்தாலும் பார்த்த இடத்தில் நெளிகிறது, பார்க்காத இடத்தில் ஒழுங்காகப் போகிறது. டியூப்லைட், காலண்டர் ஓரம், பீரோவின் விளிம்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். வீடு முழுக்கக் கொத்தனாரும் தச்சனும் பிரிண்ட் கடைக்காரனும் பெனாசிரின் ஸ்கேலும் வரிசையாக நின்று, ஐயா எங்களை விட்டுவிடுங்கள் என்று கும்பிடுவதுபோல இருந்தது. ஒரே ஒரு ஆளைத்தான் இன்னும் விசாரிக்கவில்லை. வலது கண்ணை மூடிவிட்டு இடது கண்ணால் பார்க்க வேண்டும், ஒரு நொடி வேலை, நேற்றே செய்திருக்கலாம், பத்து நாள் முன்னாலேயே செய்திருக்கலாம். செய்யாமல் இருந்தது மறதியா? மறதி இல்லை. பயம். பயம்தான், வேறு என்ன. வலது கண்ணை மட்டும் மூட அவருக்குத் தெரியாது என்பதும் உண்மை. முயன்றால் இரண்டும் சேர்ந்து மூடிக்கொள்ளும், முப்பத்தாறு வருஷத்தில் அதற்குத் தேவையே வந்ததில்லை.

கால்கள் அவரைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுபோயின. கண்ணாடி போன மேசை வெளுத்துக் கிடந்தது. கல்யாணக் கார்டுகள், மகள் சின்ன வயதில் வரைந்த மயில், கரண்டு சீட்டு. எல்லாவற்றுக்கும் அடியில், நுனி மட்டும் தெரிந்துகொண்டு, அந்த அட்டை. உள்ளங்கை அகலம், வெள்ளை அட்டையில் சின்னச் சின்னக் கட்டம், நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. டாக்டரம்மா இரண்டு அட்டை கொடுத்தார், ஒன்று அண்ணனுக்கு, ஒன்று உடன்பிறந்தவர்களுக்கு. இது ரத்த வழியில் வரலாம் என்றார். மாசம் ஒரு தடவை, ஒரு கண்ணை மூடி மற்றக் கண்ணால் நடுப் புள்ளியைப் பார்க்கணும், கோடு நெளிஞ்சா அன்னைக்கே வரணும், ஊசி போட்டு நிறுத்திரலாம், ஆனா அன்னைக்கே வரணும். அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார். கண் போனவர், இரண்டு வருஷமாகத் தினமும் பதினோரு மணிக்குப் பொத்தானைத் தடவித் தடவி எண் போட்டுக் கூப்பிடுவார். சாப்பிட்டியாலே என்பார். அட்டையப் பாத்தியாலே என்பார். பாத்தேன்ண்ணே என்பார் இவர். ஒரு நாளும் பார்த்ததில்லை. வாங்கிவந்த அன்று கண்ணாடிக்கடியில் சொருகினதோடு சரி, மேலே கல்யாணக் கார்டு வந்து மூடிவிட்டது. பாத்தேன்ண்ணே, பாத்தேன்ண்ணே என்று எழுநூறு தடவையாவது சொல்லியிருப்பார். அறைக்குள் பீரோவில் சாய்ந்து நிற்கிறது ஆளுயரத்துக்கு ஒரு கட்டத்தாள், ஊரெல்லாம் அலைந்து பிரிண்ட் போட்டது. அதே கட்டம்தான் இங்கே உள்ளங்கையளவில், இவ்வளவு நாளும் இவர் சோற்றுத் தட்டுக்கு நேர் கீழே கிடந்திருக்கிறது.

அட்டையைச் சுவரோடு பிடித்துக்கொண்டார். வலது கண்ணின் மேல் உள்ளங்கையை வைத்தார். கை மூக்கோடு ஒட்டவில்லை, இன்னும் அழுத்தினார். அட்டை அப்படியே நேராக இருந்தது. கோடுகள் மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், ஒன்றுகூட அசையாமல், சின்னப் பிள்ளை நோட்டுப்போல. என்ன அழகாக இருக்கிறது என்று ஒரு நொடி மனசு குளிர்ந்தது, வெட்கமில்லாமல் குளிர்ந்தது, உலகம் கோணவில்லை, எல்லாம் இருந்தபடியே இருக்கிறது. கையை மாற்றி இடது கண்ணை மூடினார். நடுப் புள்ளி சாம்பலில் விழுந்ததுபோல மங்கியது, அதைச் சுற்றிக் கட்டங்கள் தண்ணீர் சுழிக்குள் போவதுபோல உள்ளே சரிந்தன. மறுபடி கையை மாற்றினார், நேர். மாற்றினார், சுழி. எத்தனை தடவை மாற்றினார் என்று தெரியாது. பிறகு கம்ப்யூட்டருக்குத் திரும்பிப் போய், வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, பெனாசிருக்கு அனுப்பின நூலகப் படத்தைத் திறந்தார். பதினான்கு தூணும் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றன. அந்தப் பெண் சொன்னது அப்படியே. இரண்டு வருஷம் வெயிலில் நின்று கட்டினதை, தன் கண்ணின் கோணலுக்குத் தக்கபடி வளைத்து, நேர் என்று சொல்லிக் கையில் கொடுத்திருக்கிறார், ஸ்கேலையும் குறை சொல்லியிருக்கிறார். அவமானத்தில் காது சுட்டது. மவுஸைப் பிடித்து, கைக்கணக்குத் திருத்தங்களையெல்லாம் அழித்துவிட்டு, கண்ணே இல்லாத மென்பொருள் செய்து கொடுத்த புரொஃபைலை மட்டும் போட்டார். தூண்கள் ஒவ்வொன்றாக மூச்சு விட்டன. நல்ல படம். இடது கண்ணால் வாழ்க்கையில் முதல்தடவை பார்க்கிற தன் படம். அதை அப்படியே பெனாசிருக்கு அனுப்பினார். நீங்க சொன்னதுதாம்மா சரி என்று ஒரு வரி, அதற்குமேல் எழுத வரவில்லை.

"தோச வறட்டியாப் போச்சு" என்று சொல்லிக்கொண்டே மேபல் வாசலில் வந்து நின்றாள். தலையை ஈரத்தோடு வாரி, நடு வகிடு எடுத்திருந்தாள். சிகாமணி இடது கண்ணை மூடிக்கொண்டு அவளைப் பார்த்தார். வகிடு நெளிந்தது. நெற்றிக்கு இறங்கினார், நெற்றி சரிந்தது. மூக்கு, வாய், முப்பது வருஷமாகப் பார்த்த முகத்தில் அவர் பார்க்கிற இடமெல்லாம் பார்க்கப் பார்க்கக் கலைந்துகொண்டே போனது.

"எதுக்கு ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு என்னையப் பாக்குதீங்க? நான் என்ன போட்டோவுக்கா வந்து நிக்கேன்?"

இரண்டு கண்ணையும் திறந்தார். மேபலின் முகம் மறுபடி ஒன்றுசேர்ந்துவிட்டது, வழக்கம்போல, கோபத்தோடு. கடிகாரம் பத்து ஐம்பத்திரண்டு. இன்னும் எட்டு நிமிஷத்தில் அண்ணன் கூப்பிடுவார், அட்டையப் பாத்தியாலே என்பார், பாத்தேன்ண்ணே என்று பழக்கத்தில் நாக்கு சொல்லிவிடும். சொல்லிவிட்டால் நாளைக்குப் பதினோரு மணி வந்துவிடும், நாளைக்கும் சொல்லும். இரண்டு வருஷத்தில் அண்ணனை அவராகக் கூப்பிட்டது இல்லை. போனை எடுத்தார்.

"என்னல, நீயா கூப்பிடுத? மேபலுக்கு ஏதும் முடியலையா?"

"இல்லண்ணே. அவ நல்லாருக்கா. இந்தா பக்கத்துலதான் நிக்கா."

"பொறவு என்ன? ஏம் பேச மாட்டேங்குத?"

கண்ணு என்று ஆரம்பித்தால் உடைந்துவிடுவோம் என்று தெரிந்தது. "அண்ணே" என்றார். "மிஷின்ல ஒண்ணும் இல்லண்ணே. மிஷின் நல்லாத்தான் இருக்கு."

அந்தப் பக்கம் தூரத்தில் கோழி ஒன்று கேரிக்கொண்டிருந்தது. அண்ணன் சிரிப்பார் என்று காத்திருந்தார், ஆஸ்பத்திரி நடையில் சிரித்ததற்கு ஒரு சிரிப்பு பாக்கி இருக்கிறது, சிரிக்கட்டும், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். மேபல் இடுப்பில் வைத்த கையை எடுத்துவிட்டு, அவர் மடியில் கிடந்த அட்டையைப் பார்த்தாள்.

"எந்தக் கண்ணுல?" என்றார் அண்ணன்.

"வலது. படம் எடுக்குத கண்ணு."

"எத்தன நாளா?"

சிகாமணி எண்ணிப் பார்த்தார். நூலகத்தின் முதல் தூண், அந்தச் செவ்வாய்க்கிழமை, அதிலிருந்து இந்தச் சனி. எண்ணுவதில் ஒரு தடவை தப்பி, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். "பத்தொம்பது நாளு" என்றார்.

"பத்தொம்பது நாளுதானால?" அண்ணனின் குரல் உடைந்தது. அழுகிறாரா என்று தெரியவில்லை. "நான் மூணு மாசம் அலைஞ்சேன்ல. உனக்குப் பத்தொம்பது நாளுதான். சோறு கிடக்கட்டும், மேபலக் கூட்டிக்கிட்டு இப்பவே மதுரைக்குப் பஸ் ஏறு. போ, ஓடு."